கொட்டகைப் பக்கத்துக் கூடு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் கணவனும் சுகம். அங்கே நீயும் வயிற்றில் இருப்பவரும் சுகம் என்று உன் அம்மா போனில் சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால் இன்னும் நன்றாக நம்புவேன்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "அத்தை" என்றதுமே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதைக் கேட்டு நீ அழ, நீ அழுவதைப் பார்த்து உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். உருப்படியாக ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும் உன் கணவனிடமே கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பன்னும் வரும். பன் கருகியிருந்தால், அது அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்ட நாளில் சுட்டது என்று தெரிந்துகொள்.

அவன் ஏன் அடுப்பைப் பார்க்க வேண்டி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் உன்னைக் கட்டிலில் கிடத்திய மறுநாள், ஆமை அலுவலகத்திலிருந்து உங்கள் அதிகாரி அம்மா நம் பேக்கரிக்கு வந்தார். உன் இடத்துக்கு வேறு ஆள் போட மேலிடத்தில் மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை கடற்கரையில் இருக்கிற ஆமைக் கூடுகளை யார் பார்ப்பது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நீ விடியற்காலையில் காலெல்லாம் மணலோடு வீட்டுக்குள் வரும்போது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருக்கியவள் நான்தானே! இப்போது என் செருப்பு கொட்டுகிற மணலை உன் கணவன் பெருக்குகிறான். சிரிப்பு வந்தால் சிரி. ஆனால் மெதுவாகச் சிரி, வயிறு குலுங்கக் கூடாது.

முதல் தட்டு ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு இவனைக் காவல் வைத்துவிட்டுக் கிளம்புவேன். படகு இஞ்சினையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்கத் தெரியவில்லை. "புகை வந்தா எடுக்கணுமா, அதுக்கு முன்னாடியாம்மா?" என்று கேட்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் சொல்.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பு. மணலில் இரண்டு பக்கமும் வரி வரியாக ஒரு தடம், தண்ணீரிலிருந்து நேராக மேட்டுக்கு ஏறியிருந்தது. நீ சொல்லித் தந்த ஆமைத் தடமேதான் என்று மனதில் அடித்துச் சொல்லிக்கொண்டு, தடம் முடிகிற இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, கயிறு கட்டி, "தயவுசெய்து மிதிக்காதீர்கள்" என்று அட்டையும் மாட்டினேன். நம் நாய் மேனேஜர் அங்கே போய் மோந்து பார்க்க, அதை விரட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். (மேனேஜருக்குத் தெருவெல்லாம் அதிகாரம் செய்வது குறையவில்லை. நீ இல்லாததால் வாசலில் படுத்துக்கொண்டு வருகிற போகிற வாடிக்கையாளரையெல்லாம் முறைக்கிறது.) கடைசியில் கடற்கரை லாட்ஜ்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, என் ஐஸ் பெட்டி வண்டி போன தடத்துக்கு வேலி போட்டிருக்கீங்க?" என்றார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. இப்போது ரொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஐஸ் பெட்டி எப்போது குஞ்சு பொரிக்கும் என்று விசாரிக்கிறார்கள்.

அந்த லாட்ஜ்காரரோடு ஒரு பஞ்சாயத்தும் நடந்தது. அவர் கடலைப் பார்த்து வரிசையாகப் போட்டிருக்கும் விளக்குகள்தான் உனக்கு வருஷம் முழுக்கத் தலைவலி என்று தெரியும். குஞ்சு வெளியே வந்தால் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக்கொண்டு லாட்ஜுக்குள் போய்விடுமே என்றேன். "வெளிச்சம் இல்லாட்டி என் லாட்ஜுக்கு எவன் வருவான்?" என்று அவர் குதித்தார். நானும் குதித்தேன். கடைசியில் உன் கணவன் ஒரு வழி சொன்னான். நம்மிடம் துருப்பிடித்துக் கிடந்த கேக் டின்களையெல்லாம் எடுத்து, ஓட்டை போட்டு, விளக்குக்கு மேலே குல்லா மாதிரி மாட்டிவிட்டான். வெளிச்சம் கீழே மட்டும் விழுகிறது, கடல் பக்கம் போவதில்லை. பாத்திரக் கடை மாதிரி ஆகிவிட்டது என்று லாட்ஜ்காரர் முதலில் முணுமுணுத்தார். தங்க வந்த யாரோ அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். அதற்கப்புறம் அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீ கேட்கப் போவது எனக்குத் தெரியும். உன்னை வண்டியில் ஏற்றும்போது வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே, "கொட்டகைப் பக்கத்துல ஒண்ணு இருக்கு அத்தை, விடியற்காலைதான் இட்டுது, இன்னும் வலை போடல" என்று சொன்னாயே, அந்தப் படகுக் கொட்டகைக் கூடு நன்றாக இருக்கிறது. அன்றைக்கே வலைக்கூண்டு கவிழ்த்து, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டேன். தினமும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

டாக்டர் சொல்வதைக் கேள். சாப்பாட்டை ஒதுக்காதே. எங்களைப் பற்றிக் கவலைப்படும் வேலையை எங்களிடமே விட்டுவிடு.

அன்புடன்,
உன் அத்தை

---

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். புயல் என்று செய்தியில் கேட்டு நீ பதறிப்போனதாக இவன் வந்து சொன்னான். பதறாதே. வீடு இருக்கிறது, பேக்கரி இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். பின்பக்கக் கூரைத் தகரம் ஒன்று பறந்து பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் துணி மாதிரித் தொங்கியது. லாட்ஜ்காரரின் பெயர்ப்பலகை போன இடம் தெரியவில்லை. தெருவையே ஆளும் நம் மேனேஜர், மாவு மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு, வெளியே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உன் கணவன் ரொட்டியைக் காட்டிக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே கொண்டுவந்தான்.

நல்ல செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். லாட்ஜ் படிக்கட்டுக்குக் கீழே மேட்டில் இருந்த கூடு பொரிந்துவிட்டது! சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரம். மணல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறதே என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பால் பொங்குகிற மாதிரி மணல் பொங்கியது. ஒரு தலை, ஒரு துடுப்பு, அப்புறம் கும்பல் கும்பலாக. நீ எத்தனையோ தடவை வந்து சொல்லியிருக்கிறாய், நானும் காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு என்ன அவசரம், என்ன தைரியம்!

லாட்ஜ்காரர் ஓடிவந்தார். கேக் டின் குல்லா போதாது என்று தானே போய் எல்லா விளக்கையும் அணைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட, "கொஞ்ச நேரம் இருட்டுல சாப்பிடுங்க, வாய் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று அதட்டினார். அத்தனை பேரும் கையில் தட்டோடு படியில் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு குஞ்சு மட்டும் வழி தவறி லாட்ஜ் சமையலறைக்குள் போய்விட்டது. சமையல்காரர் அதைத் தொடப் பயந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். ஆள் ஆறடி உயரம். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் மணலில் விட்டேன். கடல் வரைக்கும் தானாகவே நடந்து போனது. கையில் தூக்கிக்கொண்டுபோய் தண்ணீரில் விடக் கூடாது என்று நீ சொன்னதை மறக்கவில்லை.

உன் கணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் எதிரில் விசில் அடித்துக்கொண்டு வந்து நிற்பான். இங்கே அப்படியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். போன தடவை பின்னறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் வாங்கி மாட்டி, அப்புறம் அதை அவனே தன் கையால் கழற்றிப் பரணில் போட்டான் இல்லையா? இந்தத் தடவை அந்த அறைக்குள்ளேயே அவன் போவதில்லை. நானும் போவதில்லை. இரண்டு பேரும் அதன் எதிரிலேயே போய் வந்துகொண்டு, அப்படி ஓர் அறையே வீட்டில் இல்லாத மாதிரி நடந்துகொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வருவான். விசிலை நம்பாதே. கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்.

மற்றவை நேரில். உன் அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல். அவருக்காகத் தனியாக ரஸ்க் வைத்திருக்கிறேன்.

உன் அத்தை

---

என் அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. மொத்தமே ஒரு வரி. "அத்தை, கொட்டகைக் கூட்டைப் பத்தி ஏன் ஒண்ணும் எழுதல?" என்று கேட்டிருக்கிறாய். என் நலம்கூடக் கேட்கவில்லை. அதிலிருந்தே நீ எந்த நிலையில் எழுதினாய் என்று புரிந்துகொண்டேன்.

உன்னிடம் மறைக்கப் பார்த்தது பயத்தில்தான். இப்போது சொல்லிவிடுகிறேன்.

புயல் அன்று மத்தியானமே கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. நான், உன் கணவன், லாட்ஜ்காரர் மூன்று பேரும் காலி மாவுச் சாக்குகளில் மணலை அள்ளிப் போட்டுக் கொட்டகைக்கு முன்னால் அடுக்கினோம். அடுக்க அடுக்க அலை வந்து சரித்தது. கடைசியில் ஓர் அலை வலைக்கூண்டையே பெயர்த்துக்கொண்டு போனது. உன் கணவன் அதைப் பிடிக்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். நான் போட்ட கூச்சலில்தான் திரும்பி வந்தான். கூட்டுக்கு மேலே குளம் மாதிரித் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்தோம். அதுவும் வடியவில்லை, நாங்களும் விடவில்லை. இருட்டிய பிறகு லாட்ஜ்காரர்தான் எங்கள் இரண்டு பேரையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

மறுநாள் அதிகாரி அம்மா வந்தார். முட்டைகளை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். இத்தனை நாள் ஆன பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துப்போகும், இருக்கிற இடத்திலேயே விடுவதுதான் நல்லது என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "ரொம்ப நேரம் தண்ணி நின்னிருக்கும்மா. எதையும் எதிர்பாக்காதீங்க" என்றார். நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறமும் தினமும் போய்ப் பார்க்கிறேன். புது வலை போட்டிருக்கிறேன். பொரிக்க வேண்டிய நாள் போய்விட்டது. மணல் அசையவில்லை. நாளைக் காலை அதிகாரி அம்மா வந்து தோண்டிப் பார்க்கப் போகிறார்.

இதை உன்னிடமிருந்து மறைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. புயலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் கணவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். என்னடா என்றேன். நீ அவனிடம், "அந்தக் கூட்டுக்கு ஒண்ணும் ஆகலைன்னா எனக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாயாமே. அந்த ஆமை முட்டையிட்ட அதே விடியற்காலையில்தான் உனக்கு வலி கண்டது, ஆகையால் இரண்டும் ஒன்று என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாயாமே. இதைக் கேட்ட பிறகு அந்தக் கூட்டைப் பற்றி எப்படி எழுதுவேன்? அந்தக் குளத்தை வாளியால் இறைத்தவள் இல்லையா நான்?

பெண்ணே, இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. இதை இன்றைக்கே, கூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். நாளைக்கு என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்போதே எழுதினால்தான் நீ நம்புவாய். அந்தக் கூடு வேறு, நீ வேறு. கடல் ஏறியதால் அந்த முட்டைகள் நனைந்தன. அது உன் வயிற்றுக்கு வந்த சேதி இல்லை. உன் வயிற்றில் இருப்பதை டாக்டர் பார்க்கிறார், நர்ஸ் பார்க்கிறார், உன் அம்மா கண்ணை மூடாமல் பார்க்கிறார். நாளைக்கு எல்லாமே அழுகிப்போயிருந்தாலும் இதைத்தான் சொல்வேன். அத்தனையும் உயிரோடு இருந்தாலும் இதையேதான் சொல்வேன். போன தடவையும் நீ எதையோ செய்ததால் அது போகவில்லை. எதையும் செய்யாததாலும் போகவில்லை. இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை நாள் வார்த்தை வரவில்லை. எழுத வருகிறது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

மறுநாள் எழுதுவது:

காலையில் அதிகாரி அம்மா கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் கணவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மேனேஜரை லாட்ஜ்காரர் பிடித்துக்கொண்டார். மணலை எடுக்க எடுக்க வாடைதான் முதலில் வந்தது. மேலே இருந்தவை எல்லாம் கெட்டுப்போயிருந்தன. அதிகாரி அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். அந்தக் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. போதும், மூடிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் கை நின்றது. மேட்டுப் பக்கமாக ஓர் ஓரத்தில், மணலோடு மணலாக, ஒரு குஞ்சு. அதன் கீழே இன்னொன்று. மேலே இருந்த கெட்ட முட்டைகள் அடைத்துக்கொண்டதால் ஏறி வர முடியாமல் அங்கேயே கிடந்திருக்கின்றன.

"உசுரோட இருக்கும்மா!" என்று அதிகாரி அம்மா கத்தினார். உன் கணவன் திரும்பி, ஓடிவந்து, கால் தடுக்கி மணலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பார்த்தான்.

எத்தனை என்று கேட்பாய். ஒரு கை விரல்களுக்கு மேல், இரு கை விரல்களுக்குள். நூற்றுக்கும் மேல் இட்டதில் அவ்வளவுதான். சோர்ந்திருந்ததால் அதிகாரி அம்மா அவற்றை ஈர மணல் போட்ட தட்டில் வைத்து, துணி மூடி, சாயங்காலம் வரை கொட்டகையில் நிழலில் வைத்திருந்தார். அதில் ஒன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மற்றவற்றை வெயில் தாழ்ந்ததும் மணலில் விட்டோம். மெதுவாகத்தான் போயின. நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். கடைசிக் குஞ்சு ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. உன் கணவன் அதன் பக்கத்தில் முழங்காலால் நகர்ந்துகொண்டே, "அப்படி இல்லடா, இந்தப் பக்கம், அவ்வளவுதான், கொஞ்சம்தான்" என்று பேசிக்கொண்டே போனான். அலை வந்து அதை எடுத்துக்கொண்டபோது அவன் இடுப்பு வரை நனைந்திருந்தான். அழுதான். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

வீட்டுக்கு வந்து நேற்று எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. எனக்கும் சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் முடிச்சுப் போடத்தான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு இதை நல்ல அடையாளம் என்று சொன்னால், நாளைக்கு வேறொன்றைக் கெட்ட அடையாளம் என்று நீ பயப்படுவாய். வேண்டாம். சில குஞ்சுகள் பிழைத்தன, நாம் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். உனக்கு ஒவ்வொரு வாரம் தாண்டுவதும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு படுத்திரு.

நல்லபடியாகப் பெற்றெடுத்துக்கொண்டு வா என்று எல்லாரும் உன்னை வாழ்த்துவார்கள். நானும் மாவு பிசையும்போதும், நடக்கும்போதும், படுக்கும்போதும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் காகிதத்தில் அதை எழுத மாட்டேன். காகிதத்தில் எழுதிவிட்டால் நீ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எனக்கு நீ கொடுக்க வேண்டிய கடன் மாதிரி எண்ணிக்கொண்டே கிடப்பாய். நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீ எழுந்து, உடம்பு தேறி, வீட்டுக்கு வா. இரண்டு பேராக வந்தாலும் வா, ஒருத்தியாக வந்தாலும் வா. கதவைத் திறக்கும்போது நான் முதலில் தேடுவது உன் முகத்தைத்தான்.

என்றும் உன்
அத்தை